சூடு வராத ஹீட்டர்

சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் ஏசி குமிழைத் தொடாத நாள் இருக்காது. அதே பலகையில் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பும் இன்னொரு குமிழ் இருக்கிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சிவப்புப் பக்கம் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ராயபுரத்திலும் எண்ணூரிலும் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. அந்த ஊரில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்கும் காரணம் கிடைப்பதில்லை.

அதனால் வட சென்னைக் காரின் ஹீட்டர் கெட்டுப்போன செய்தி பெரும்பாலும் நீலகிரியில்தான் தெரியவருகிறது. சித்திரை வெயிலில் வண்டி சூடாகிறது என்று திருவொற்றியூரில் வாட்டர் பம்பை மாற்றியிருப்பார்கள். அல்லது வெடித்துப்போன ரேடியேட்டர் ஓஸை மாற்றியிருப்பார்கள். அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடும். டிசம்பர் விடுமுறையில் மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் ஏறி, உதகையில் உறைபனி இறங்கும் இரவில் குமிழைச் சிவப்புக்குத் திருப்பினால் குளிர்காற்றுதான் வரும். "போன வருஷம் நல்லா இருந்துச்சே" என்பார் உரிமையாளர். இடையில் நடந்த பழுதுபார்ப்பு எட்டு மாதம் பின்னால் போயிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பழுது பார்த்தபின் வேலை செய்யாமல் போகும் ஹீட்டர், பெரும்பாலும் அந்தப் பழுதுபார்ப்பு விட்டுச்சென்ற சுவடு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ச்சுற்று நலமாக இருக்கிறதா என்பதற்குக் காரில் இருக்கும் எளிய சாட்சியும் ஹீட்டர்தான். குளிர் தெரியாத ஊரில் இந்தச் சாட்சியை யாரும் விசாரிப்பதில்லை.

ஒரே கடற்கரையில் இரண்டு வழிகள்

எஞ்சினைக் குளிர்விக்க நீர்ச்சுற்று ஒன்றுதான் வழி என்பதில்லை; வட சென்னையின் இரண்டு தொழிற்சாலைகளே இதைச் சொல்லும். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. பிறகு பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரியும் பஸ்ஸும் செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்தது. அதே 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், சில கிலோமீட்டர் தெற்கே திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கியது.

எரிபொருளின் சூட்டை எஞ்சினிலிருந்து எப்படி வெளியேற்றுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு தொழிற்சாலைகளும் இரண்டு விடை வைத்திருந்தன. புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக உலோக மடிப்புகள் இருக்கும். வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அந்த மடிப்புகளிலிருந்து சூட்டை நேராக எடுத்துக்கொள்கிறது. தண்ணீரும் பம்பும் ஓஸும் அதற்குத் தேவையில்லை. லேலண்ட் லாரியோ தண்ணீரை நம்பியது. எஞ்சின் சுவருக்குள் நீர் ஓடி, சூட்டை வாங்கி, முன்னால் இருக்கும் ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டும். புல்லட் குடும்பமும் பல்லாண்டுகள் கழித்து இந்த வழிக்கு ஓரளவு வந்துசேர்ந்தது. 2023இல் வந்த ஹிமாலயன் 450தான், இன்று ராயல் என்ஃபீல்டு எனப்படும் அந்த நிறுவனத்தின் முதல் திரவக் குளிர்விப்பு வண்டி.

காரில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சம் ஏறக்குறைய அதே அளவு சூடு எஞ்சின் உலோகத்தில் இறங்குகிறது. அதாவது எஞ்சின் 30 கிலோவாட் வேலை செய்யும்போது, கிட்டத்தட்ட அதே அளவு சூட்டைத் தண்ணீர் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 2 கிலோவாட் கீசர்களில் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு அது.

இந்தச் சுமையைத் தூக்கத் தண்ணீரை விட்டால் எளிதில் வேறொன்று கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு அதில் ஏறத்தாழ 3,500இல் ஒரு பங்கு போதும். குழாயில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால் என்ன இழப்பு என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

ஹீட்டர் என்பது, வீணாகப் போகும் இந்தச் சூட்டில் சிறு பங்கைப் பயணிகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம், வெளிக்காற்றை வடிகட்டி, எஞ்சினின் சுடுநீரால் சூடாக்கி உள்ளே அனுப்பும் முறையைத் தன் கார்களில் கொண்டுவந்தது. இன்றும் அடிப்படை அதுதான். டேஷ்போர்டுக்கு உள்ளே, புத்தக அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் காயில் என்கிறார்கள். சுடுநீர் அதன் மெல்லிய குழாய்களில் ஓட, புளோவர் அதன் வழியாகக் காற்றை ஊதும்.

நீர் போகும் பாதை

எஞ்சின் சுழலும்போதெல்லாம் வாட்டர் பம்பும் சுழல்கிறது. அது தள்ளும் குளிர்விப்பு நீரான கூலண்ட் முதலில் எஞ்சின் பிளாக்கிலும், பிறகு மேலே இருக்கும் சிலிண்டர் ஹெட்டிலும் ஏறுகிறது. அங்கிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வாசலில் தெர்மோஸ்டாட் நிற்கிறது. செர்ஜியஸ் வெர்னே என்ற பொறியாளர் 1930களில் வடிவமைத்த மெழுகுக் குப்பிதான் இன்றைய தெர்மோஸ்டாட்டின் உயிர். குப்பிக்குள் இருக்கும் மெழுகு குறிப்பிட்ட சூட்டில் உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கிறது. பெரும்பாலான கார்களில் இது 82 முதல் 90 டிகிரிக்குள் நடக்கும். அதுவரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாது. எஞ்சின் சீக்கிரம் சூடாகி, தன் சரியான சூட்டில் நிலைகொள்வதற்கான ஏற்பாடு இது.

ஹீட்டருக்குப் போகும் கிளை பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிகிறது. ஆகவே ரேடியேட்டர் வாசல் மூடியிருந்தாலும் ஹீட்டருக்குச் சுடுநீர் போகும். எஞ்சின் அறையின் பின்சுவரில் இரண்டு சிறிய ஓஸ்கள் நுழைவதைப் பார்க்கலாம். ஒன்று வரவு, மற்றது போக்கு.

இந்தச் சுற்று முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, ஒரு வால்வு. வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தை அது உள்ளே கூடுதலாகத் தேக்கிவைக்கிறது. பிரஷர் குக்கரில் நடப்பதே இங்கும் நடக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும்.

காற்று எங்கே சிக்குகிறது?

வாட்டர் பம்ப் மாற்றுவதற்காகக் கூலண்டை வடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காரில் 5 லிட்டர் அளவுக்கு வெளியே வரும். வெளியேறிய ஒவ்வொரு லிட்டரின் இடத்திலும் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பம்பை மாட்டி, ரேடியேட்டர் வாய்வழியாகக் கூலண்டை ஊற்றுகிறார்கள். வாய்வரை நிரம்பிவிடுகிறது. ஆனால் ஊற்றியதை அளந்து பார்த்தால் 4 லிட்டர்தான் இருக்கும். மிச்சம் ஒரு லிட்டர் காற்று எஞ்சினுக்குள் எங்கோ இருக்கிறது.

அது வெளியே வராததற்குக் காரணம் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, தெர்மோஸ்டாட் மூடியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் காற்றுக்கு வழியில்லை. இதற்காகவே பல தெர்மோஸ்டாட்டுகளின் விளிம்பில் ஒரு சிறு துளையும் அதில் ஆடும் ஒரு குட்டிப் பின்னும் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளை மேல்பக்கம் இருக்குமாறு பொருத்தினால் காற்று அதன் வழியாகக் கசிந்துவிடும். கீழ்ப்பக்கம் இருக்குமாறு மாட்டிவிட்டால் துளை இருந்தும் பயனில்லை, ஏனென்றால் காற்று மேலேதான் தேங்கும். வேலை முடிந்தபின் வெளியிலிருந்து பார்த்தால் இந்தத் தவறு தெரியாது.

சிக்கிய காற்று உயரமான இடத்தைத் தேடிப் போகிறது. பல கார்களில் ஹீட்டர் காயிலும் அதற்கு ஏறும் ஓஸும்தான் சுற்றின் மேட்டுப் பகுதி. குழாய் ஏறி இறங்கும் அந்த வளைவில் காற்று ஒரு முழுத் துண்டாக நின்றுவிட்டால், அதைத் தாண்டித் தண்ணீர் போக வேண்டும். காற்றுத்துண்டு 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், ஏறும் பக்கத்தில் நிற்கும் தண்ணீரை அவ்வளவு உயரம் கூடுதலாகத் தூக்க ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் அழுத்தம் தேவை. பம்புக்கு அது பெரிய காரியமாக இருக்கக் கூடாது. ஆனால் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பம்பும் மெதுவாகவே சுழல்கிறது. மேலும் தண்ணீருக்கு எதிர்ப்புக் குறைவான வேறு வழிகள் இருக்கின்றன. அது அந்த வழிகளில் போய்விடுகிறது, ஹீட்டர் கிளை அசையாமல் நிற்கிறது. மெக்கானிக்குகள் "ஏர் லாக் ஆயிருக்கு" என்பது இந்த நிலையைத்தான்.

காற்று பம்புக்குள்ளேயே போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். காரின் வாட்டர் பம்ப் மையவிலக்கு வகை. இறக்கைகள் சுழன்று திரவத்தை வெளிப்புறம் வீசுவதால் அழுத்தம் பிறக்கிறது. அந்த அழுத்தம் வீசப்படும் பொருளின் அடர்த்திக்கு ஏற்றது. காற்றின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 800இல் ஒரு பங்கு. எனவே காற்றில் சுழலும் பம்ப் எதையும் தள்ளாது. புதுப் பம்ப் மாட்டியும் வண்டி சூடாகிறதே என்று பம்பின் மேல் பழி போடுவார்கள். பம்பில் குறை இருக்காது, தள்ளத் தண்ணீர்தான் இருக்காது.

ஹீட்டர் காயிலில் நிற்கும் காற்று பயணிக்குக் குளிரை மட்டும் தருகிறது. அதே காற்று சிலிண்டர் ஹெட்டில் நின்றால் எஞ்சினையே கொல்லும். தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைப் போல ஏறத்தாழ 23 மடங்கு. தண்ணீர் தொடாத இடத்தில் அலுமினிய ஹெட் சூடேறி வளைகிறது, ஹெட் கேஸ்கெட் பிளக்கிறது. வெப்பமானி முள்ளை நம்பவும் முடியாது. அதற்குத் தகவல் தரும் சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும், காற்றுக்குள் நின்றால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை, ஆபத்து நெருங்கியபின் எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்ட காரை நினைத்துப் பாருங்கள். வண்டி நகராததால் காற்று அடிக்காது. எஞ்சின் ஐடிலில் இருப்பதால் பம்ப் மெதுவாகச் சுழலும். ஏசியின் சூடும் ரேடியேட்டர் முன்னால் சேரும். மேட்டுப்பாளையம் நெடுஞ்சாலையில் தெரியாத ஏர் லாக் இந்த வரிசையில் வெளிப்பட்டுவிடும். உரிமையாளருக்கு இது இரண்டாவது எச்சரிக்கை. முதல் எச்சரிக்கையை ஹீட்டர் எப்போதோ கொடுத்திருக்கும், கேட்க ஆள் இருந்திருந்தால்.

இரண்டு ஓஸ், ஒரு கை

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எஞ்சினைச் சரியான சூட்டுக்கு வரவிட்டு, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, பின்சுவருக்குப் போகும் அந்த இரண்டு ஓஸ்களையும் பார்க்க வேண்டும். சுழலும் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையை விலக்கிவைத்து, முதலில் விரல் நுனியால் மெல்லத் தொட வேண்டும். ஓஸ் 90 டிகிரி சூட்டில் இருக்கலாம். கையைவிட அகச்சிவப்பு வெப்பமானி இன்னும் பாதுகாப்பானது.

இரண்டும் நல்ல சூடாக இருந்தால் சுடுநீர் காயிலுக்குள் போய் வருகிறது. குறை தண்ணீரில் இல்லை. காற்றை ஹீட்டர் பக்கம் திருப்பும் தகடோ, அதை நகர்த்தும் கேபிளோ குட்டி மோட்டாரோ வேலை செய்யவில்லை. டேஷ்போர்டைக் கழற்றிய வேலைக்குப் பின் இது அடிக்கடி நேரும். கேபிள் கொக்கியிலிருந்து விலகியிருக்கும், அல்லது மோட்டாரின் இணைப்பைத் திரும்பச் செருகியிருக்க மாட்டார்கள்.

ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் தண்ணீர் காயிலின் வாசல்வரை வந்து நிற்கிறது. உள்ளே காற்று நிற்கிறது, அல்லது காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் குளிர் என்றால் கிளைக்கே தண்ணீர் வரவில்லை. கூலண்ட் குறைந்திருக்கலாம், ஹீட்டர் வால்வு மூடியிருக்கலாம், ஓஸ்களையே துண்டித்திருக்கலாம். இரண்டும் வெதுவெதுப்பு மட்டும் என்றால் எஞ்சினே சூடாகவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே தெர்மோஸ்டாட்டே இல்லை.

காதும் உதவும். வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டால், குழாயில் காற்றும் நீரும் கலந்து ஓடுகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு வந்து, விட்டால் குளிர்ந்துபோனாலும் சந்தேகம் காற்றின் மேலும் குறைந்த கூலண்டின் மேலும்தான் விழ வேண்டும். வேகம் கூடும்போது பம்ப் காற்றுத்துண்டைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளுகிறது, ஐடிலில் அது முடிவதில்லை.

மீஞ்சூர் தண்ணீரும் ஹீட்டர் காயிலும்

ஹீட்டர் நின்றுபோவதற்கு வட சென்னையில் இன்னொரு காரணம் நிலத்தடியில் இருக்கிறது. மீஞ்சூர் பகுதியின் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகள் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் உறிஞ்சியதால், கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. கடலோரமாக எண்ணூர், திருவொற்றியூர் வரை போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்கள் ஏராளம். 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்ததற்கும் நகரின் இந்தத் தண்ணீர்த் தவிப்பே பின்னணி.

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கைக்குக் கிடைத்த போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இங்கே ஆபத்தானது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் உப்புக்கு ஒரு குணம் உண்டு. சர்க்கரையும் சாப்பாட்டு உப்பும் சூடான நீரில் கூடுதலாகக் கரையும். இதுவோ சூடு ஏறினால் வெளியே வந்து படியும். எனவே எஞ்சினில் எந்த இடம் அதிகம் சூடாகிறதோ, எந்த இடத்துக்குக் குளிர்ச்சி மிகவும் தேவையோ, அங்கேதான் சுண்ணாம்பு ஓடு கட்டும். அந்த ஓட்டின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தில் ஏறத்தாழ 100இல் ஒரு பங்குதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடின உப்பு உள்ள தண்ணீரை ஒரே ஒருமுறை 5 லிட்டர் ஊற்றினால் உள்ளே போவது 2.5 கிராம். ஆனால் எங்கோ சிறு ஒழுக்கு இருந்து, தினமும் கால் லிட்டர் ஊற்றி ஓட்டினால் ஓராண்டில் 90 லிட்டருக்கு மேல் போகிறது. அதனுடன் 45 கிராமுக்கு மேல் உப்பும் போகிறது. ஆக, ஒழுக்கை அடைக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது உப்பைத் தவணை முறையில் உள்ளே சேர்ப்பது. ரேடியேட்டரைவிட ஹீட்டர் காயிலின் குழாய்கள் குறுகல் என்பதால் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். கடல்நீரில் இருக்கும் குளோரைடு இன்னொரு கேடு செய்கிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் ஆக்சைடுத் தோலைக் குத்தி, ஊசித்துளை போலக் குடைந்துகொண்டே போகிறது.

பழுதுபார்ப்பு இந்தப் பழைய படிவைத் தூண்டிவிடவும் செய்யும். ரேடியேட்டரைக் கழுவும்போது பெயர்ந்த துருவும் சுண்ணாம்பும் அடுத்த சுற்றில் ஹீட்டர் காயிலில் போய் அடைத்துக்கொள்கின்றன. நேற்றுவரை வேலை செய்த ஹீட்டர் கழுவியதும் நின்றதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

கூலண்ட் என்பது குளிர்நாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்பவர்கள் உண்டு. அதில் இருக்கும் கிளைக்கால் உறைபனிக்காக என்பது உண்மைதான். ஆனால் அதே கிளைக்கால் கொதிநிலையையும் உயர்த்துகிறது, கூடவே கலந்திருக்கும் துருத்தடுப்பான்கள் அலுமினியத்தைக் காக்கின்றன. கடற்கரை ஊருக்கு அவை குளிர்நாட்டைவிட அதிகமாகத் தேவை. கலக்கும் தண்ணீர் உப்பு நீக்கியதாக இருக்க வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் எந்தத் தரத்தையும் குறிப்பதில்லை. வெவ்வேறு வகைகளைக் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில சமயம் கூழாகத் திரண்டும் போகும். காரின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றுவது நல்லது.

கழற்றிய தெர்மோஸ்டாட், சேர்த்துக் கட்டிய ஓஸ்

"நம்ம வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை சார்" என்று கழற்றிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய வழக்கம். வாசலைத் திறந்தே வைத்தால் தண்ணீர் தாராளமாக ஓடும், வண்டி சூடாகாது என்பது எண்ணம். பல எஞ்சின்களில் நடப்பது நேர்மாறு. அவற்றின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்துத் திரும்பும் பைபாஸ் வழியைக் கீழ்த்தட்டு மூடுகிறது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸை மூட ஆளில்லை. சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகிறது. நெரிசலில் வண்டி முன்பைவிட அதிகமாகச் சூடாகலாம். அதிகாலையிலும் நெடுஞ்சாலையிலும் மறுகோடி. எஞ்சின் தன் சூட்டை எட்டாது, கணினி எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கருதிப் பெட்ரோலைக் கூட்டும், ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும், ஹீட்டரில் வெதுவெதுப்பைத் தாண்டி எதுவும் வராது.

ஹீட்டர் காயில் ஒழுகினால் காலடிக் கம்பளம் நனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படியும், கூலண்டின் இனிப்பு வாடை வரும். காயிலை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். செலவை நினைத்து, இரண்டு ஓஸ்களையும் ஒரு குழாய்த்துண்டால் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் காயிலுக்குப் போகாமல் திரும்பிவிடும். சென்னையிலேயே ஓடும் வண்டிக்கு இது நியாயமான தற்காலிக ஏற்பாடு. ஆனால் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், பின்னால் வண்டியை வாங்கியவர் உதகையில் நின்று ஹீட்டரைத் திருகித் திருகிப் பார்ப்பார். அந்த ஹீட்டருக்குத் தண்ணீரே போகவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

காற்றை வெளியேற்றுவது

ஏர் எடுக்கும் வேலை எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில்தான் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. 115 டிகிரியில் அழுத்தத்தோடு நிற்கும் 5 லிட்டர் தண்ணீரின் மூடியைத் திறந்தால், 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடு முழுவதும் நொடிகளில் நீராவியாக மாறும். ஆவியாவது ஏறத்தாழ 140 கிராம்தான். அந்த 140 கிராம் 230 லிட்டர் நீராவியாக விரிந்து, கூடவே கொதிநீரையும் வாரி முகத்தில் அடிக்கும். துணி போட்டுத் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆறிய வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் ரேடியேட்டர் வாய் சுற்றின் உச்சியாகிவிடும். பல கார்களில் ஏர் எடுக்கத் தனித் திருகு உண்டு, அதைத் திறந்துகொள்ள வேண்டும். ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, வாயில் புனல் பொருத்தி, கூலண்டை மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டுக் காத்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் குமிழ்கள் கிளம்பும், மட்டம் சட்டென்று இறங்கும். இறங்கியதை ஈடுகட்டி, குமிழ் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். மூடியைப் போட்டு ஒரு சுற்று ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் காலை மட்டத்தைப் பார்க்க வேண்டும். வசதியுள்ள பட்டறைகளில் முதலில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிவிட்டுக் கூலண்டை இழுக்கவிடுகிறார்கள். காற்றே இல்லாத குழாயில் ஏர் லாக் உண்டாக வழியில்லை. எந்த முறையானாலும் வடித்த அளவும் நிரப்பிய அளவும் ஒத்துப்போக வேண்டும்.

இத்தனை செய்தும் சில நாளில் மீண்டும் காற்று சேர்ந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த காற்றாக இருக்காது. ஹெட் கேஸ்கெட் விட்டுப்போய், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டில் கலந்துகொண்டிருக்கலாம். இதைச் சோதிக்க ஓர் அழகான வேதியியல் வழி உண்டு. ரேடியேட்டரின் வாயில் எழும் வாயுவை நீல நிறத் திரவம் வழியாக இழுக்கிறார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகும், நீலம் மஞ்சளாக மாறும். பள்ளி ஆய்வகத்தில் நிறங்காட்டி வைத்து அமிலத்தைச் சோதித்த அதே தத்துவம் இங்கே எஞ்சினைப் பிரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறது.

காசிமேடு முதல் அத்திப்பட்டு வரை

காற்றுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் இந்த இழுபறி காரோடு முடிவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடலே அவற்றுக்கு ரேடியேட்டர். கடல்நீரை இழுக்க ரப்பர் இறக்கை வைத்த பம்பைப் பல படகு எஞ்சின்களில் பயன்படுத்துகிறார்கள். மையவிலக்கு பம்பால் முடியாத காரியம் அதனால் முடியும். இறக்கை வளைந்து விரிந்து, காற்றையும் சேர்த்துத் தள்ளித் தண்ணீரை மேலே இழுத்துவிடும். ஆனால் தண்ணீரே வராமல் ஓடினால் அந்த ரப்பர் சீக்கிரம் கருகிவிடும். புகைக்குழாயோடு தண்ணீர் வெளியே விழுகிறதா என்று பார்ப்பது அந்த எஞ்சினின் நலம் விசாரிப்பது.

வடக்கே அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம் இதையே மலையளவில் செய்கிறது. டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கும் கன்டென்சரில், சிறிதளவு காற்று கசிந்தாலும் அது குழாய்களின் மேல் போர்வையாகப் படர்ந்து வெப்பம் கடக்காமல் தடுக்கும். அதை இடைவிடாமல் உறிஞ்சி வெளியேற்றத் தனி இயந்திரங்களே இருக்கின்றன. அங்கிருந்து வெளியேறும் சுடுநீர் எண்ணூர் முகத்துவாரத்தின் இறாலையும் மீனையும் விரட்டுகிறது என்று அப்பகுதி மீனவர்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். எஞ்சினிலிருந்தோ டர்பைனிலிருந்தோ எடுத்த சூடு எங்கும் மறைந்துபோவதில்லை, யாரோ ஒருவரின் தண்ணீரிலோ காற்றிலோ போய்ச் சேர்கிறது.

ஹீட்டரைப் போட்டுக் காட்டுங்கள்

குளிர்விப்புச் சுற்றில் கைவைத்த எந்த வேலையும், எடுத்த பொருளை மாட்டியவுடன் முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பி, காற்று முழுவதும் வெளியேறும்போதுதான் முடிகிறது. இதை உறுதிசெய்யச் சென்னையின் கொளுத்தும் வெயிலிலும் ஒரு சோதனை இருக்கிறது. எஞ்சின் சூடானபின் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சிவப்பில் வைத்து, ஐடிலில் ஐந்து நிமிடம் விட வேண்டும். துவாரத்தில் கை வைத்தால் சூடு ஏற்ற இறக்கம் இல்லாமல் வர வேண்டும். வந்தால் கூலண்ட் மட்டம், பம்ப், தெர்மோஸ்டாட், சுற்றோட்டம் நான்கும் நலமாக இருப்பதற்கு நல்ல அடையாளம்.

ரேடியேட்டர், பம்ப், ஓஸ், தெர்மோஸ்டாட் எதை மாற்றினாலும் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கலாம். எவ்வளவு கூலண்ட் வடிந்தது, எவ்வளவு உள்ளே போனது? எதையாவது கழற்றிவிட்டீர்களா, சேர்த்துக் கட்டிவிட்டீர்களா? ஹீட்டரைப் போட்டுப் பார்த்தீர்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் வருந்தமாட்டார், விடையை ஏற்கெனவே வைத்திருப்பார். எண்ணூரும் திருவொற்றியூரும் தலைமுறைகளாக எஞ்சினோடு வாழ்ந்த ஊர்கள். உப்புத் தண்ணீரும் துறைமுக நெரிசலும் கடும் வெயிலும் அங்குள்ள எஞ்சின்களை நாட்டின் பல ஊர்களைவிடக் கடினமாகச் சோதிக்கின்றன. ஹீட்டர் சோதனையைக் கடைசி வேலையாகச் சேர்த்துக்கொள்ளும் பட்டறை, ஒரு குடும்பத்துக்கு மலைப்பயணத்தின் கதகதப்பை மட்டும் மீட்டுத் தரவில்லை. வளையப்போகும் ஒரு ஹெட்டையும், பாதி வழியில் நிற்கப்போகும் ஒரு வண்டியையும் முன்கூட்டியே காப்பாற்றிவிடுகிறது.